குப்பியில் நீலம்

ஆறு நீலமாக ஓடட்டும் என்று
யாரும் எங்களை வாழ்த்திவிடாதீர்கள்.
பொடியைக் கொட்டிக் குலுக்கி
பத்து நிமிடம் காத்திருந்தால்
நல்ல தண்ணீர் நிறமில்லாமல் நிற்கும்.
பாஸ்பேட் இருந்தால் நீலம் ஏறும்.
இந்தக் கோடை முழுக்கக் கெர்வின் ஆறு
எங்கள் குப்பிகளில்
வானத்தைவிட நீலம்.

வேல்ஸில் மழைக்குப் பஞ்சமில்லை.
பெய்கிற ஒவ்வொன்றும் மேட்டு வயல்களில்
சாணிக்குழம்பையும் கோழி எருவையும் வழித்துக்கொண்டு
எங்களிடம்தான் வருகிறது.

தூண்டில் சங்கத்தில் முப்பத்தொரு பேர்.
நான் கணக்கு எழுதுகிறவள்.
வார நாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
வேலி உரசும் குறுகலான சாலையில்
சாணி டேங்கருக்குப் பின்வாங்கி வழிவிடுவதும் நானே.
அதன் ஓட்டுநர் கையசைப்பான்.
நானும் அசைப்பேன்.
அவன் மகளுக்கு என் வண்டியில்
மூன்றாவது இருக்கை.

ஊர்மன்றக் கூட்டத்தில்
சுவரில் படம் காட்டினோம்.
பாசி போர்த்திய கற்கள்.
வெள்ளை வயிறு மேலாக மிதந்த கிரேலிங் மீன்கள்,
நாற்பத்தாறு.
எண்ணியது இத்வல்.
எண்ணி முடிக்கும்வரை
தொப்பியைக் கக்கத்தில் வைத்திருந்தான்.

பண்ணைக்கார ப்ராசர் எழுந்தார்.
எங்கள் எல்லோரையும்விடச் சுத்தமாகச் சவரம் செய்திருந்தார்.
"வாயில் முள்ளை ஏற்றி இழுக்கிற நீங்கள்
மீனுக்கு வக்கீலா?"

சிரிப்பு.
நானும் சிரித்தேன், கொஞ்சம்.
பதில் இல்லாமல் இல்லை.
பிடித்தால் திரும்ப விட்டுவிடுகிறோம்,
முள்ளின் கொக்கியைக்கூட நசுக்கிவைத்திருக்கிறோம்.
சொல்லலாம்தான்.
மீன் ஒத்துக்கொள்ள வேண்டுமே.
அதோடு, அன்று காலை நான் உடைத்து ஊற்றிய
இரண்டு முட்டைகளும்
ஆற்று மேட்டில் வரிசையாக நிற்கும்
அந்தத் தகரக் கொட்டகைகளில் ஒன்றில் இட்டவை.
கடையில் அவைதான் மலிவு.

இதை மட்டும் சொன்னேன்:
"மீன் வேண்டும் என்று நிற்கிறவருக்குத்தான்
மீன் இல்லை என்பது முதலில் தெரியும்."
யாரும் கைதட்டவில்லை.
கூட்டக் குறிப்பிலும் அது ஏறவில்லை.

செவ்வாய்க்கிழமை
சங்கக் கதவோரம் ஒரு பால் புட்டி.
உள்ளே பழுப்புத் தண்ணீர்.
புட்டியின் கழுத்தில் சணல்,
சணலில்
மாட்டின் காதில் குத்தும் மஞ்சள் அட்டை.
அட்டையில் மந்தை எண்.
யார் மந்தை என்று
ஊரில் தவழும் பிள்ளைக்கும் தெரியும்.
மறுபுறம் பேனாவில்:
ஓக் மரத்தடிக் குழாய். ராத்திரி இரண்டு மணி.

கோள் மூட்டலா, குற்ற உணர்ச்சியா,
யார் கை என்று
டீ ஆறும்வரை சண்டை.
"பால் கறக்க வரும் பையன்" என்றாள் நெஸ்டா.
"ப்ராசரின் மனைவியேதான்,
அந்த வீட்டில் பேனா வைத்திருப்பது அவள் ஒருத்தி"
என்றான் இத்வல்.

நான் வாய் திறக்கவில்லை.
இடது பக்கம் சாய்ந்து விழும் அந்தக் கையெழுத்தை
போன மே மாதம் பார்த்திருக்கிறேன்,
பள்ளிச் சுற்றுலாவுக்கு
ஓர் அப்பா எழுதிக் கொடுத்த அனுமதிச் சீட்டில்.

பொடியைக் கொட்டினோம்.
பத்து நிமிடம் தேவைப்படவில்லை.
அது நீலமும் இல்லை,
மைக்கூடு.

பதிவேட்டில் எழுதினேன்:
இடம், நேரம், அளவு.
எடுத்தவர் பெயர் என்ற கட்டத்தில்
பேனா முனை கொஞ்சம் நின்றது.
ஒரு கோடு போட்டேன்.
அட்டையைக் கழற்றி என் மேலங்கிப் பையில் போட்டதை
இத்வல் பார்த்தான்,
ஏதும் கேட்கவில்லை.
மறு தபாலில் அறிக்கை போய்விட்டது.

புதன் காலை அதே சாலையில் எதிரே டேங்கர்.
பின்வாங்கினேன்.
அவன் கையசைத்தான்,
வழக்கம்போல, இரண்டு விரல்.
நானும் அசைத்தேன்,
கையை இறக்கத்தான் கொஞ்சம் நேரமாயிற்று.
மூன்றாவது இருக்கையில் அவள்
வாழைப்பழத் தோலை எங்கே போடுவது என்று
என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.