நாற்பத்தேழு

பதினொன்றே முக்கால்.
வுப்பர்டாலில் மழை, வழக்கம்போல.
தொங்குரயில் யன்னலுக்கு மேலே
முனகிக்கொண்டு வளைகிறது.
மாடியில் இருநூற்றுப் பதினான்கு பிள்ளைகள்
கணக்குப் பாடத்தில் பசித்திருக்கிறார்கள்.

என் கையில், தொடாமல் அளக்கும் கருவி.
தொற்றுக் காலத்தில் இதன் அக்காவை
வாசலில் வைத்து என் நெற்றிக்கு நீட்டினார்கள்:
முப்பத்தாறு புள்ளி நான்கு, உள்ளே போகலாம்.
இன்று விசை என்னிடம்.

பழகுவதற்காகக் கண்டதையெல்லாம் குறிபார்த்தேன்.
குளிரறைச் சுவர், நான்கு.
யன்னல், பதினொன்று.
ஃப்ராவ் ஹோல்ஷர் மறந்துபோன கோப்பி, இருபத்தெட்டு.
கொதிக்கிற சூப்புச் சட்டியின் மூடி,
முப்பத்தொன்று.

திரும்ப அழுத்தினேன். முப்பத்தொன்றேதான்.
மூடியைத் தூக்கப்போன என் கையை
முராத் தட்டிவிட்டான்.
"பளபளப்பானதிடம் கேட்காதே.
எதிரில் நிற்பதைத்தான் அது சொல்லும்."
எதிரில் நான்தான் நின்றேன்,
வலைத்தொப்பிக்குள் அகன்றுபோன முகத்தோடு.
மூடியில் ஒரு துண்டு கறுப்பு நாடா ஒட்டினான்,
கொஞ்சம் பொறுத்து அதைக் குறிபார்த்தான்:
தொண்ணூற்றிரண்டு.

கிட்டப் போ என்றான்,
தள்ளி நின்றால் மேசையும் சேர்ந்து கணக்காகும்.
ஆவிக்குள் மட்டும் போகாதே.
சிவப்புப் புள்ளி வெறும் சுட்டுவிரல்,
அதை நம்பிவிடாதே.

பாஸ்தா அவ்லாஃப் ஆறு தட்டு வந்தது.
மேலே சீஸ் பொன்னாகக் குமிழியிட்டது.
எண்பத்தொன்று. எண்பத்துமூன்று. எண்பது.
என்ன அழகான எண்கள்!
பேனையின் மூடியைக்கூடக் கழற்றிவிட்டேன்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று
சொன்னவர்
பொங்கிப் புரளும் பானையைப் பார்த்துச் சொன்னார்.
இது புரளவில்லை.
இது நேற்றுவரை பனிக்கட்டி.

ஊசியைத் துடைத்து
நாலாவது தட்டின் நடுவில் இறக்கினேன்.
எண் ஏறியது, களைத்தது, நின்றது.
நாற்பத்தேழு.

இந்த மொழியில்
ஒன்றுகளை முதலில் சொல்லவேண்டும், பத்துகளைப் பிறகு.
பதினான்கு வருடம் ஆகியும்
அவசரத்தில் என் நாக்கு தமிழில்தான் எண்ணுகிறது.
நாலை முன்னால் வைத்துச் சொல்லிவிட்டேன்.
ஃப்ராவ் ஹோல்ஷர் தாளில் எழுதினார்:
எழுபத்துநான்கு.
தலையாட்டினார். தள்ளுவண்டி நகர்ந்தது.

யாருக்கும் தெரியாது.
சீஸ் வாசனை நடைவழிவரை போய்விட்டது.
எழுபத்துநான்கு நல்ல எண், அறுபத்தைந்தைத் தாண்டியது.

வண்டியைக் காலால் மறித்தேன்.
மொழியை நம்பாமல் விரல்களைக் காட்டினேன்:
இந்தக் கையில் நாலு.
பிறகு இரு கையிலுமாக ஏழு.

ஆறு தட்டும் திரும்ப அடுப்புக்குள்.
இருபது நிமிடத் தாமதம்.
மாடியிலிருந்து கரண்டிகளால் மேசை தட்டும் சத்தம்.

கடைசியில் ஊசி எழுபத்தெட்டு காட்டியது.
முதல் வரிசையில் பல்விழுந்த ஒருத்தி
ஒரு வாய் வைத்துவிட்டு
சுடுகிறது என்று என்னை முறைத்தாள்.
ஊது என்றேன்.

தாளில் அந்த எழுபத்துநான்கு
ஒரு கோட்டின் கீழே இன்னும் இருக்கிறது.
வெள்ளை மை பூசக்கூடாது, விதி.
பக்கத்தில் என் கையெழுத்து,
கொஞ்சம் நடுங்கியபடி.