எச் மூலை

முதலாமவர் ஒலிபெருக்கியோடு வந்தார்.
குதிகாலைத் தாழ்த்து, தோளை விரி,
உதை, இன்னும் உதை.
முர்மெல் காதுகளைப் பின்னுக்கு மடித்துக்கொண்டாள்.
எனக்கு அந்த வசதி இல்லை.

இரண்டாமவர் குதிரையை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு
விற்றுவிடு என்றார்.
என் ஐம்பத்திரண்டுக்கும் இவளுடைய பதினான்குக்கும்
பொருத்தமில்லையாம்.
கல்யாணத் தரகர் தோற்றார்.

மூன்றாவதாக ஒருவரைத் தேட மனமில்லை.
நவம்பர். லிம்ஃபியோர்டிலிருந்து கரையேறிய காற்று
கொட்டகைத் தார்ப்பாயைப்
படபடவென்று அறைந்துகொண்டே இருந்தது.

சொல்ல விட்டுப்போனது:
டிரெஸாஜ் களத்தைச் சுற்றி எழுத்துகள் நிற்கும்.
ஏ, கே, ஈ, எச், சி, எம், பி, எஃப்.
எந்தப் பள்ளிக்கூடத்திலும் இல்லாத வரிசை.
ஏன் இப்படி என்று கேட்டால்
ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.
தார்ப்பாய் இருப்பது எச் மூலையில்.
மார்ச் மாதம் மருத்துவமனையில்
எங்கே விழுந்தாய் என்றார்கள்.
எச்சில், என்றேன்.

தோள் எலும்பு ஒட்டிக்கொண்டது.

சிட்செல் ஒரு புதன்கிழமை வந்தாள்.
வேனின் பின்னால் குழந்தை இருக்கை,
குழந்தைக்குப் பதில் அதில் ஒரு சேணம்,
அதற்கும் பெல்ட் போட்டிருந்தாள்.
கையில் சவுக்கில்லை, பிளாஸ்க்.
"இன்று ஏற வேண்டாம்" என்றாள்,
பெயர் சொல்வதற்கும் முன்பே.
அந்த நொடியே என் முழங்கால்கள்
அவள் கட்சிக்குப் போய்விட்டன.

என்ன வேலை என்று கேட்டாள்.
பல் செய்கிறேன், ஸ்ட்ரூயரில், ஓர் ஆய்வகத்தில்.
மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும்
யாரோ ஒருவர் வாய்க்குள் அது பாறாங்கல்.
"அப்படியா" என்றவள்
முர்மெல்லின் கடிவாளத்தைக் கழற்றி
வாயிரும்பைத் தன் இரு கைகளுக்குள் பொத்திக்கொண்டு
கண்ணை மூடி நின்றாள்.
"நான்தான் குதிரை. வாரைப் பிடி."

பிடித்தேன்.
மெதுவாகத்தான். மெதுவாக என்றுதான் நினைத்தேன்.
"இப்போது எச் மூலை வருகிறது."
வந்தது.
அவள் விரல் முட்டிகள் வெளுத்தன.
ஓரடி முன்னால் இழுபட்டு வந்தாள்.
பிறகு கண்ணைத் திறந்து
இன்று மழை வரும் என்பதுபோலச் சொன்னாள்:
"தார்ப்பாயைப் பற்றி
அவளுக்கு ஒன்றும் தெரியாது.
சுற்றுக்கு ஒருமுறை நீதான் சொல்கிறாய்."

பத்தில் ஒரு பங்கை அளக்கிற கைகள்.
எட்டு மாதமாய் ஒரு வாய்க்குள்
கத்திக்கொண்டிருந்திருக்கின்றன.

முர்மெல்லின் கழுத்தில் முகம் வைத்து
மன்னிப்பு, கின்னிப்பு என்று ஏதோ உளறினேன்.
"அதெல்லாம் அவளுக்கு வேண்டாம்.
மூச்சை விடு, போதும்."

அதற்கடுத்த வாரங்களில் வெறும் நடை.
மூலை நெருங்கும்போது
கடைக்கு வாங்கவேண்டியதைச் சத்தமாகச் சொல்லவேண்டும்.
பேசுகிற வாய் மூச்சைப் பிடித்துவைக்காதாம்.
உருளைக்கிழங்கு. ரை ரொட்டி. ஈரல் பேஸ்ட்.
நாற்பது வாட் பல்பு இரண்டு.
பக்கத்து லாயத்து அக்செல்
எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்று நினைத்திருப்பான்.
ஒரு புதன்கிழமை மட்டும்
பட்டியல் முடியுமுன்னே மூலை முடிந்திருந்தது.

ஆறாவது வாரம் காற்று பலமாக அடித்தது.
தார்ப்பாய் ஒருமுறை வெடித்தது.
ரை ரொட்டிக்கு மேல் எனக்கு எதுவும் வரவில்லை.
முர்மெல் நின்றாள். ஓடவில்லை, நின்றாள்.
நான் இறங்கினேன்.
சிட்செல்லைப் பார்த்தேன்;
பிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்,
உலகத்தில் அவசரமே இல்லாததுபோல.

இரண்டு பேரும் கால்நடையாக
அந்த மூலையைக் கடந்தோம்.
கடந்து பத்தடியில்
முர்மெல் தலையைத் தாழ்த்தினாள்,
தாடை தளர்ந்தது, மென்றாள்,
புல்லும் நுரையுமாக வழிந்ததை
என் கையில் துடைத்துக்கொண்டாள்.
மறுபடி ஏறினேனா என்றால், அன்று இல்லை.

காலையில் ஆய்வகத்தில்,
மெழுகு உருகும் நேரம்,
சட்டைக்கையில் என்ன பச்சையாக என்றார் ப்ரேபென்.
எச்சில், என்றேன்.