சதை ஆடும்

மின்சாரம் எனக்குப் புதிதல்ல.
இருபத்திரண்டு வருடம் அதைத் தலைக்குமேல் வைத்துக்கொண்டு
வூச் நகரின் கிலின்ஸ்கி தெருவில் டிராம் ஓட்டியவள்.
படகு என்று பெயர் வைத்த ஊர்; ஓர் ஆறும் கண்ணில் படாது.
நானும் அப்படித்தான்:
நாளெல்லாம் ஊரைச் சுற்றுகிறவள், நடந்து சுற்றியதில்லை.

அது தொடைக்குள் வந்தது
போன அக்டோபரில்தான்.

மருத்துவமனையின் இரண்டாம் மாடி, லிஃப்ட் பழுது.
மூச்சிரைக்கப் போய் நின்றபோது
"படியேறியதே பயிற்சிதான்" என்று கேலி பேசவில்லை வியோலெத்தா.
அதனாலேயே அவளைப் பிடித்துப்போனது.
கோப்பில் என் பெயர், போகுமீவா,
வயது ஐம்பத்தொன்று, எடை நூற்று முப்பத்தொன்று,
பக்கத்தில் வேறொரு கையெழுத்து: ஒத்துழைப்பதில்லை.
அதைப் பேனாவால் அடித்தாள்.
ஈரத்துணியால் தொடையைத் துடைத்தாள்,
எந்தக் கையும் பட்டு வெகுநாளான தோல்.
நான்கு ஒட்டுத்தாள்கள், இரண்டு வயர்.
"எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். அப்புறம் பிடிக்கும்.
வலித்தால் சொல்லுங்கள்."

எறும்பு ஊர்ந்தது.
அப்புறம்
என் தொடை எழுந்தது.

நான் சொல்லி எழவில்லை.
அடுப்பை அணைத்தேனா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.
சதைக்குள் ஒரு முஷ்டி மூடித் திறந்தது,
மூடித் திறந்தது,
பத்து விநாடி பிடிப்பு, இருபது விநாடி ஓய்வு.
தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள்.
உறவுக்குச் சொன்ன சொல் அது.
இவளும் உறவுக்காரிதான்,
பல வருடம் நான் முகம் கொடுத்துப் பேசாதவள்,
கதவுக்கு அந்தப் பக்கம் நின்று
இருக்கிறேன் என்கிறாள்.

அழுதேன் என்று எழுதமாட்டேன்.
மூக்கு ஒழுகியது.

வியோலெத்தா பொய் சொல்வதில்லை.
"இது உங்களுக்குப் பதிலாக நடக்காது.
இளைக்கவும் வைக்காது, டிவி பெல்ட் கதையெல்லாம் நம்பாதீர்கள்.
தட்டுவது இது, திறப்பது நீங்கள்.
பிடிக்கும்போது கூடவே எழுந்திருங்கள்."
நாற்காலியிலிருந்து எழுந்தேன். உட்கார்ந்தேன். எழுந்தேன்.
வயர் செய்தது எவ்வளவு, நான் செய்தது எவ்வளவு,
பிரித்துப் பார்க்க முடியவில்லை.
மேடு ஏறும் டிராமில்
என் கைக்கும் கம்பிக்கும் யார் பங்கு பிரித்தார்கள்?

டெப்போவில் விஷயம் பரவிவிட்டது.
"போகுமீவாவுக்கு ப்ளக் வைத்துவிட்டார்கள்,
ராத்திரி சார்ஜில் போட்டால் காலையில் ஓடும்" என்றான் செஸ்வாஃப்,
சாசேஜ் ரொட்டியை மென்றபடி.
என்னைப் பற்றிய ஜோக்குக்கு முதலில் சிரிப்பவள் நான்.
அன்று எல்லோரும் முடித்தபிறகு சிரித்தேன்.

ஏழு வாரத்தில் தராசு எண்ணூறு கிராம் குறைத்துக் காட்டியது.
முதல் தடவை பூட்ஸைக் கழற்றினேனா, நினைவில்லை.

ஜனவரியில் ஒரு மாலை
கம்பியில் பனி உறைந்து கரண்ட் போயிற்று.
இரண்டு நிறுத்தத்துக்கு நடுவே நின்றது டிராம்.
விளக்கில்லை, சூடில்லை, முப்பது பேர்,
உறைபோட்ட செலோ ஒன்று, அழுகிற குழந்தை ஒன்று.
ஓட்டுநர் இறங்கிப் போய்
வண்டிக்குப் பின்னால் எச்சரிக்கை முக்கோணம் வைக்கவேண்டும்.
போன வருடமானால் யாராவது பையனை அனுப்பியிருப்பேன்.

கம்பியைப் பிடித்து இறங்கினேன்.
இரண்டு பெட்டி நீளம். கணுக்கால் வரை பனி.
வயர் இல்லை, ஒட்டுத்தாள் இல்லை,
தெருவிலேயே கரண்ட் இல்லை.
வலது தொடை பிடித்தது.
பத்து எண்ணினேன்.
விட்டது.
இடது.

முக்கோணத்தை வைத்துவிட்டு
டிராமில் சாய்ந்து மூச்சு வாங்கினேன்.
என் வண்டியின் முதுகை
அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை;
வலப்பக்க விளக்கில் விரிசல். எழுதிக் கொடுக்கவேண்டும்.

செஸ்வாஃப் போன் பண்ணினான்:
"கரண்ட் வர ஒரு மணிநேரமாகும். நீ நகராதே."

நகர்ந்துவிட்டேனே, என்றேன்.