ஒட்டுப்பால்

நாலு மணிக்கு நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு
செருப்பைத் தேடுகிறேன் என்று
வீட்டையே எழுப்பிவிட்டுப் போவார் ஞானசிகாமணி.
முந்நூறு மரம்.
செருப்பு பலநாளும் காலிலேயே கிடக்கும்.

குலசேகரம் சந்தையில் வாங்கிய புதுத்துண்டில்
ஒரு வாரத்துக்குள் ரப்பர்ப் பால் கறை.
துவைத்தாலும் போகாது, சொன்னாலும் போகாது.
வின்சி டீச்சர் மகளின் யூனிபாரத்தில்
ஒட்டுப்பால் ஒரு துளி.
மிஷினை நிறுத்திவிட்டு
அரைமணி நேரம் சுரண்டினேன்,
அவரைத் திட்டியபடி.

பத்தரைக்கு வந்து கையை நீட்டுவார்.
முழங்கை வரை உலர்ந்த பால்.
ஒரு ஓரம் நகத்தில் அகப்பட்டால் போதும்,
பாம்புச் சட்டைபோல் நீளமாய் உரிந்து வரும்,
மயிரும் கூடவே.
"எளவே, பைய!"
பைய உரித்தால் எனக்கு என்ன சுகம்?

இந்த மாதம் மூன்று நாள் விடாத மழை.
மரத்துக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்ட
முதலாளிக்கு மனசில்லை.
வெட்டும் இல்லை.
மஞ்சள் டப்பாவையும் மிளகாய் டப்பாவையும்
இடம் மாற்றி வைத்தார். இதுதான் வசதியாம்.
புளிமுளத்தில் உப்பைக் கொட்டிவிட்டு
மீன்காரி மேல் பழி போட்டார்.
மிஷின் பக்கத்தில் குத்தவைத்து
"இந்த நூல் எவ்வளவு? அந்த நூல்?"
மழையே, போய்த் தொலை
என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

நாலாம் நாள் வெயில்.
கை நீண்டது.
உரித்தேன், அறுபடாமல் வந்தது.
டேப்பை எடுத்து அளந்தேன், பதினோரு அங்குலம்.
கண்ணை இறுக்க மூடியிருந்தவர் கேட்டார்,
"எவ்வளவு?"

எட்டு என்றேன்.