உடம்பில் ஒட்டாதது

மூஸ் ஜாவில், ரயில் பாதையோரத் தானியக் கிடங்கில்
கோதுமைக்குத் தரம் சொல்வது என் வேலை.
லொறி வந்து நிற்கும். குழாய்க்கோல் இறங்கும்.
ஒரு பிடி மணியைத் தட்டில் பரப்பி
சுருங்கியது, முளைத்தது, உறைபனி தின்றது என்று பிரிப்பேன்.
புரதம் பதின்மூன்றரை என்றால்
வேய்ன் விசிலடித்துக்கொண்டு போவான்.
பதினொன்று என்றால்
தொப்பியைக் கழற்றித் தலை சொறிவான்.

அந்த வருஷம் என் இடுப்புப் பட்டியில்
ஆணி வைத்து அடித்து மூன்று புதுத் துளை போட்டேன்.
நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது.
"திண்டது ஒண்டும் உடம்பில ஒட்டேல்லைப் போல"
என்றா புஸ்பராணி அக்கா ஒரு கலியாண வீட்டில்,
என் தட்டில் இன்னொரு ரொட்டியை வைத்தபடி.

டாக்டர் ஹலினா திரையை என் பக்கம் திருப்பினார்.
இருபது அடிச் சிறுகுடல்.
அதன் உட்சுவரெல்லாம்
அரை மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு பயிர் நிற்கவேண்டுமாம்.
பித்தமும் கணைய நீரும் பிரித்து அவிழ்த்துவிட்ட சோற்றிலிருந்து
சர்க்கரையை இரத்தத்துக்கும்
கொழுப்பைப் பால்நிறக் குழாய்களுக்கும்
உறிஞ்சி ஏற்றிவிடுகிற பயிர்.
இரும்பைக்கூட, துணிக்கை துணிக்கையாய்.
முதலில் காட்டியது
யாரோ ஒருவருடைய ஜூலை மாதம்.
அடுத்தது என்னுடையது.
அக்டோபர்.
அறுத்து முடித்த தரை.
எவ்வளவு மழை பெய்தாலும்
வழிந்தோடிப் போகும் தரை.

யார் அறுத்தது என்று கேட்டேன்.
கோதுமை, என்றார்.

சிரிப்பு வந்தது.
மாவை மாவோடு ஒட்டவைக்கிற அந்தப் பசை,
நான் எண் போட்டு, விலை ஏற்றி,
சீல் குத்தி அனுப்பிய அதே புரதம்,
எனக்குள் இறங்கியதும்
என் காவல்காரர்கள் அதைக் கள்ளன் என்று நினைத்துத்
தங்கள் வீட்டையே இடித்திருக்கிறார்கள்.
ஒட்டுவது அதன் தொழில்.
அதனால்தான் எனக்கு எதுவுமே ஒட்டவில்லை.

வேலையை விடவில்லை. முகமூடி போட்டுக்கொள்கிறேன்.
மத்தியானம் சிவப்பரிசி மாப் புட்டு, ஒரு வாழைப்பழம்,
பெயர் எழுதிய கரண்டி.
வேய்ன் தன் பாணைத் தூர வைத்துத் தின்கிறான்,
அது என்னைப் பார்த்துக் குரைக்கும் என்பது போல.

குடலின் தோல் நாலைந்து நாளுக்கொருமுறை உரிந்து புதிதாகுமாம்.
ஆனால் பயிர் எழும்ப ஒரு வருஷம்,
சிலருக்கு இரண்டு.
விதைக்க ஒன்றுமில்லை.
மிதிக்காமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

நேற்று இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது.
நாலில் கிடந்த இரும்புச் சேமிப்பு
இப்போது பதினொன்று.
வேய்ன் என்றால் தலை சொறிந்திருப்பான்.
நான் காருக்குள் இருந்து
பட்டியை ஒரு துளை தளர்த்தினேன்.