தெரியாத கணியம் இரண்டு

கோலாலம்பூர், செராஸ் பக்கம், பி பிளாக்.
டியூஷன் முடிந்து பத்து மணிக்கு நான் வரும்போது
கார் நிறுத்துமிடத்தில் கூட்டம்.
நடுவில், சிமெண்டில் பள்ளம் பறித்துவிட்டு
மல்லாந்து கிடந்தது ஓர் இஸ்திரிப் பெட்டி.
வயர் மட்டும் இன்னும் எங்கோ போகப்போவதுபோல் நீண்டு.

காலையில் அதே இடத்தில்தான்
ரொஹாயா அக்கா நசி லெமாக் மேசை போடுவார்.
அவர் மகன் மேசைக்கடியில் உட்கார்ந்து
ரப்பர் வளையங்களை எண்ணுவான்.

எந்த மாடி, எந்த மாடி என்று கீழே சத்தம்.
பதினேழு மாடியும் கம்பிமேல் கவிழ்ந்து பார்த்தது.
பதினேழு மாடியும் நானில்லை என்றது.

"ஃபார்ம் சிக்ஸ்தானே, பிசிக்ஸ் படிக்கிற பிள்ளை,
கண்டுபிடியேன்" என்றார் குணசேகர் அங்கிள்.
குடியிருப்போர் சங்கத் தலைவர், வயரிங் வேலை,
இடுப்பில் எப்போதும் அளவு நாடா.
நாடாவின் மறுமுனையை நேப்பாளக் காவலர் பிடித்தார்.
சுவரிலிருந்து பள்ளம்வரை எட்டு மீட்டர்.

மேலே போனேன்.
அப்பாவும் அம்மாவும் டிவி முன்னால்,
சோபாவின் இரண்டு நுனியில்.
ஒலியை அடைத்துவிட்டு நாடகம் ஓடிக்கொண்டிருந்தது.

வினாத்தாளில் இதெல்லாம் சுலபம்.
ஒரு கல், ஒரு குன்று, ஒரு கோணம்.
எறிந்தவர் யாரென்று எந்தக் கேள்வியும் கேட்டதில்லை.
அபாய்கான் ரிந்தாங்ஙான் ஊடாரா,
காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்காதே.
எடுக்காமல் விட்டுவிட்டே பழகிய கை எனக்கு.

கிடையாகப் போவது தன்பாட்டுக்குப் போகும்.
கீழே விழுவது தன்பாட்டுக்கு விழும்.
ஒன்று செய்வது மற்றதற்குத் தெரியாது.
ஒரே நேரத்துக்குள் குடியிருக்கும், அவ்வளவுதான்.

எட்டு மீட்டர் மட்டும் போதாது.
வேகமாய் வீசியிருந்தால் இரண்டாம் மாடி,
மெல்லத் தள்ளியிருந்தால் பதினேழாவதாகவும் இருக்கலாம்.
தெரியாத கணியம் இரண்டு, சமன்பாடு ஒன்று.
அங்கேயே நோட்டை மூடியிருக்கலாம்.

அங்சானா மரத்தில் புதிதாய் ஒடிந்த கிளை
என் கண்ணில் பட்டிருக்க வேண்டாம்.
சுவரிலிருந்து ஆறு மீட்டர்.
நான்காம் மாடி நடைவழியில் நின்றால்
என் தலைக்குச் சற்று மேலே.
பதினான்கு என்று வைத்தேன்.
கிளை பிடுங்கிக்கொண்ட வேகத்தை
வழக்கம்போல விட்டுவிட்டேன்.

பின்னம் இல்லை, தசமம் இல்லை.
விடை இவ்வளவு சுத்தமாய் வந்தால்
'கேள்வியை யோசித்துப் போட்டிருக்கிறார்கள்' என்பார் லிம் சார்.
முப்பத்திரண்டு.
மாடிக்கு மூன்று மீட்டர் வைத்துப் பத்து மாடி,
அதற்குமேல் இரண்டு மீட்டர் மிச்சம்:
ஓங்கிய கை ஒன்றின் உயரம்.

பத்தாவது மாடியில் வீடுகள் நிறைய.
அந்த மரத்துக்கு நேர் மேலே ஒன்றுதான்.

அம்மா கை தூக்கினால் ஒன்று தசம் ஒன்பது.
அப்பா, இரண்டு தசம் ஒன்று.
பிழை எல்லைக்குள் இருவருமே வருகிறார்கள்.

இன்னொன்றையும் போட்டுப் பார்த்தேன், யாரும் கேட்காமலே.
காற்றில் இரண்டரை விநாடி.
தரையைத் தொடும்போது மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர்.
மேசைக்கடியில் ஒரு பையன்,
நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்து
பென்சிலை வைத்துவிட்டேன்.

காலையில் படியிலேயே மறித்தார் அங்கிள்.
"என்னம்மா, தெரிஞ்சுதா?"
"தெரியாதது ரெண்டு அங்கிள்.
சமன்பாடு ஒண்ணுதான் இருக்கு. தீர்க்க முடியாது."
படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும்
என்பதுபோல் தலையாட்டினார்.
அவருக்குப் பின்னால், தோல் உரிந்து தொங்கியது கிளை.

ரொஹாயா அக்காவின் மேசை
பள்ளத்தைச் சரியாக மூடிப் போடப்பட்டிருந்தது.
அடியில் ஒரு ஜோடி சின்னச் செருப்பு.

ராத்திரி முழுக்க மெத்தைக்கடியில் மடித்து வைத்தும்
என் பள்ளிச் சட்டை கசங்கித்தான் இருந்தது.
அக்கா அதைப் பார்த்தார், காலரிலிருந்து கீழ்வரை.
என்னைப் பார்க்கவில்லை.
பொட்டலத்தை மடிக்கப் போனவர் மறுபடி பிரித்து
இன்னொரு கரண்டி சம்பல் வைத்தார்.