இருபது முதல் எண்பது வரை

இரவு பத்து மணி.
வெயில் இன்னும் மூன்றாம் பேஸின் மேல் சாய்ந்து கிடக்கிறது.
அலாஸ்காவின் ஜூனில் விளக்குக் கம்பங்களுக்கு வேலையில்லை.
எனக்கு உண்டு.

ஹோம் பிளேட்டுக்கு நேர் பின்னால், வலைக்கு இந்தப் பக்கம்
மடக்கு நாற்காலி, வேகமானி, கொசுத் தைலம்,
பென்சில்.
பேனாவை விட்டுப் பல வருடமாகிறது. அழிக்க முடியாது அதில்.

கல்லூரியில் இவர்களுக்கு அலுமினிய மட்டை.
பந்து கழுத்தில் பட்டாலும் கணீரென்று புகழ்ந்துவிடும்.
கோடையில் இங்கே வந்து
முதல்முறையாக மரத்தைப் பிடிக்கிறார்கள்.
மரம் முகத்துக்கு நேரே சொல்லும்.
இரண்டாம் இன்னிங்ஸுக்குள் மூன்று மட்டைகள் முறிந்தன.
சிதறிய துண்டுக்குச் சிறுவர்கள் அடித்துக்கொண்டார்கள்.

நான் பார்க்க வந்தது கோல்பி வான்ஸாண்ட்டை.
ஓக்லஹோமா, இடக்கையன், இருபது வயது,
ஒரு பல் மருத்துவர் வீட்டு நிலவறையில் தங்கியிருக்கிறான்,
பகலில் அவர்களுடைய புல்லை வெட்டித் தருகிறானாம்.
தொண்ணூற்று நான்கு. தொண்ணூற்று ஐந்து. மறுபடி நான்கு.
ஐந்து நாற்காலிகளில் ஐந்து தலைகள்
தீனி கொத்தும் கோழிகளாய்
ஒன்றாய்க் குனிந்து நிமிர்ந்தோம்.

நான்காம் இன்னிங்ஸில் தொண்ணூற்று ஒன்று.
எண்பத்தொன்பது.
எண்பத்தெட்டு.
ஒவ்வொரு வீச்சுக்கும் பிறகு,
சட்டைக்கைக்குள் எறும்பு புகுந்தவன் போல
ஒரே ஒரு உதறல்.
இரண்டு நாற்காலிகள் ஹாட் டாக் வாங்கப் போயிருந்தன.
ஒன்று மனைவியிடம் தொலைபேசியில்
தண்ணீர்க் குழாய் ஒழுகுவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தது.

அப்போது நடுவர் கை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்தினார்.
எங்களுக்கு முதுகு வராமல் திரும்பி நின்று,
இடுப்புப் பையிலிருந்து சின்னத் துடைப்பத்தை எடுத்து
பிளேட்டைத் துடைத்தார்.
மூலை மூலையாக. அவசரமே இல்லாமல்.
யாரும் சறுக்கி வரவில்லை. மண் இல்லை.
துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.
மேட்டில் பையன் நான்கு முறை மூச்சு விட்டான்.
எண்ணினேன்.

முகமூடியை நெற்றிக்கு ஏற்றியபோதுதான் தெரிந்தது.
டெஸ்மண்ட் ஆக்ரே.
ஒன்பது கோடைக்கு முன்னால் இதே மைதானத்தில் ஷார்ட்ஸ்டாப்.
ஓட்டம் நாற்பத்தைந்து. எறிகை ஐம்பது. அடி முப்பது.
கண் எழுபது.
'பந்தைப் பார்க்கத் தெரிகிறது, அடிக்கத் தெரியவில்லை.
வேண்டாம்.'
அன்றிரவு சாலையோரக் கடையில் சாப்பிட்ட பீச் பை
நாக்கில் இன்னும் இருக்கிறது.
அவன் பெயர்தான் இல்லாமல் போயிருந்தது.

அடுத்த பந்து வெளி மூலையில்.
அரை அங்குலம் தாழ்வு.
நானாக இருந்தால் கொடுத்திருப்பேன்.
'பால்' என்றான்.
கருணையெல்லாம் துடைப்பத்தோடு சரி.
அந்தக் கண்ணை எழுபத்தைந்தாகத் திருத்தியிருக்க வேண்டும்.
திருத்தக் காகிதம் எங்கே இருக்கிறது?

இன்னிங்ஸ் மாறும்போது தண்ணீர் குடிக்க வலையருகே வந்தான்.
'மிஸ்டர் லிண்ட்ஹோம்,
அந்த நாற்காலி இன்னும் உடையலையா?'
அவ்வளவுதான் கேட்டான்.
நாற்காலியையே பார்த்துக்கொண்டு
'கான்வாஸ் மாத்தினேன்' என்றேன்.

ஐந்தாவதில் பயிற்சியாளர் மேட்டுக்கு நடந்தார்.
கோல்பி பந்தைக் கையுறைக்கு மாற்றி
வலப்பக்கமாக நீட்டினான்.
இடக்கை தொடையோடு ஒட்டியே இருந்தது.
கைதட்டினார்கள். பல் மருத்துவரின் மனைவி எழுந்து நின்று தட்டினாள்.

ஹாட் டாக் நாற்காலிகள் திரும்பி வந்து
'எத்தனை விழுந்தது?' என்று கேட்டன.
'தொண்ணூற்று ஐந்து' என்றேன்.
பொய்யில்லை. இரண்டாம் வீச்சில் விழுந்ததுதான்.

'இடது முழங்கை' என்று எழுதிவிட்டு
எதிர்க் கட்டத்தில் பென்சிலை வைத்தேன்.
ஒரு கொசு வந்து அங்கேயே உட்கார்ந்தது.
நள்ளிரவுக்குப் பதினோரு நிமிடம்.
காகிதத்தின் நார் தெரியும் அளவுக்கு வெயில்.
எழுத வெளிச்சம் போதவில்லை என்று
யாரிடமும் சொல்ல முடியாது.